ஸவாஹிராவின் தோளுக்கு இரண்டு வைத்தியர்கள்

மனிதனைப் பார்த்து மனிதன் பொறாமைப்படுவது உலக வழக்கம். பதுளை பஸாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மர்ஸூக் நானா பொறாமைப்பட்டது ஒரு மெஷினைப் பார்த்து. அதுவும் ஐம்பத்தேழு வயதில், பேரப்பிள்ளையைக் கையில் வாங்கிய பிறகு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன, வயிற்றெரிச்சல் வயதைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

விவகாரம் அவருடைய மனைவி ஸவாஹிராவின் வலது தோள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், மேல்தட்டில் இருந்த வட்டிலப்பச் சட்டியை எடுக்கக் கையைத் தூக்கியவள், "உம்மா" என்று முனகி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கை தோளுக்கு மேலே போக மறுத்தது. தலை வார முடியாது. ஷாலுக்கு ஊசி குத்த முடியாது. வலது பக்கம் சரிந்து படுத்தால் நித்திரை போய்விடும். வலி மாத்திரை போட்டால் வயிறு எரிந்தது. கடைசியில் மர்ஸூக்கே வைத்தியத்தில் இறங்கினார்.

நல்லெண்ணெய்யில் வெள்ளைப்பூண்டு, ஓமம், கற்பூரம் போட்டுக் காய்ச்சி, சோடாப் போத்தல் ஒன்றில் ஊற்றி வைத்தார். தினமும் பின்னேரம் ஐந்தரை மணிக்கு, ஸவாஹிராவின் தம்பி ஜெஸீமிடம் கடையை ஒப்படைத்துவிட்டு, பஸாருக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டில் ஏறி வீட்டுக்கு வருவார். குசினியில் அவள் சின்னப் பலகையில் அடுப்பைப் பார்த்து உட்காருவாள். அவர் பின்னால் கதிரையைப் போட்டு, பெருவிரலால் ஊன்றி உருவுவார். மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் உருவல்தான்.

அந்த அரை மணி நேரத்துக்கு அவர்தான் ராஜா. ஜெஸீம் போன் எடுத்தாலும் பதில் கிடையாது. கடைக்கு யார் வந்தார்கள், பெரகலச் சந்தியில் எந்தக் கடை கைமாறியது, யார் வீட்டுக் கல்யாணம் யாரால் குழம்பியது என்று பேசிக்கொண்டே உருவுவார். அவள் தலையைக் குனிந்தபடி "ம்" கொட்டுவாள். சுகத்தில்தான் குனிந்திருக்கிறாள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். முப்பது வருடக் குடித்தனத்தில் கடை, பிள்ளை, கல்யாணம், மையித்து வீடு என்று ஓடியதில் இருவரும் இப்படி ஒன்றாக உட்கார்ந்ததே கிடையாது. அந்தத் தோள் நோவு தனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்று ஒரு தடவை நினைத்துவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பஸாரில் அவர் அடித்துக்கொண்ட தம்பட்டத்துக்கும் குறைவில்லை. "நம்ம கை பட்டாத்தான் அவளுக்கு நித்திரை" என்பார். நமுனுகுலத் தோட்டத்திலிருந்து பாத்திரம் வாங்க வரும் தர்மலிங்கம் இதை நம்பி, முழங்கால் நோகும் தன் சம்சாரத்துக்கு இரண்டு தடவை எண்ணெய் வாங்கிப் போயிருந்தான்.

இந்த ராஜ்யத்தில் முதலில் கை வைத்தது பெற்ற மகள்தான். பண்டாரவளையில் கட்டிக்கொடுத்த றிஸ்னி, பெருநாள் முடிந்து வந்தவள், உம்மா தலைவார முடியாமல் திண்டாடுவதைப் பார்த்துவிட்டாள்.

"வாப்பா, ரெண்டு வருஷமா தேய்க்கிறீங்க. கை ஒரு அங்குலமாவது மேல போய் ஈக்குதா?"

"தேய்க்கல்ல மகள். உருவுறேன்."

"எதையோ செய்ங்க. நாளைக்கு நான் உம்மாவ டொக்டர்கிட்ட காட்டப் போறேன்."

எக்ஸ்ரேயில் தோள் எலும்புக்குப் பக்கத்தில், தசைநாருக்குள், அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்றார் டொக்டர். பஸ் ஸ்டாண்டுக்கு அருகில், ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த பிசியோதெரபி நிலையத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கேதான் ‘ஷாக் வேவ்’ என்ற அந்த மெஷின் இருந்தது. அதை இயக்குகிறவள் முஷ்ரிபா என்ற பெண். முப்பது வயது இருக்கும்.

முதல் நாள் ஸவாஹிரா மகளோடு போய்விட்டு வந்தாள். வந்ததிலிருந்து வாயில் வேறு பேச்சே இல்லை. "டக் டக் டக் டக்கென்டு கொத்துது. நோவுதான். ஆனா அந்தப் புள்ள எவ்வளவு தன்மையாப் பேசுது தெரியுமா" என்றாள். மர்ஸூக் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் அவருடைய தன்மையைப் பற்றி அவள் யாரிடமாவது சொல்லியிருப்பாளா என்று யோசித்துப் பார்த்தார். ஒருவர் பெயரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

இரண்டாவது கிழமை அவரே கூடப் போனார். மெஷினின் வண்டவாளத்தைக் கண்ணால் பார்த்துவிடுவது என்ற முடிவோடுதான் போனார்.

முஷ்ரிபா தோளை விரலால் தொட்டுத் தொட்டு நோகும் இடத்தைக் கண்டுபிடித்தாள். பேனையால் ஒரு சின்ன வட்டம் போட்டாள். குளிர்ந்த களிம்பைத் தடவி, துப்பாக்கி போல இருந்த கைப்பிடியை அதன் மேல் வைத்தாள். மெஷின் கொத்த ஆரம்பித்தது.

"பத்துல எத்தன நோவு, ஆன்ட்டி?"

"ஏழு."

உடனே ஏதோ ஒரு பொத்தானைத் திருகினாள். "இப்ப?"

"அஞ்சு."

"இது தாங்குமா? தாங்கலன்னா சொல்லுங்க, நிப்பாட்டுறேன்."

மர்ஸூக்குக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. நோவுக்கெல்லாம் மார்க் போடுவார்களா? அவர் ஒருநாளும் எத்தனை என்று கேட்டது கிடையாது. ஸவாஹிரா என்னவோ பரீட்சையில் பாஸ் பண்ணின பிள்ளை போல முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொன்னாள். நடுவில் அந்தப் பெண் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். தன் கையில் இருக்கும்போது இவள் ஒரு தடவையாவது சிரித்திருக்கிறாளா என்ற எண்ணம் முள்ளாகக் குத்தியது.

"மகள், இந்த ஷாக் வெச்சா நரம்பு கருகிப் போகாதா?" என்று கேட்டார்.

"பேருக்குத்தான் அங்கிள் ஷாக். கரண்ட் இல்ல, சத்தத்தோட அலை. வெளிய இருந்து உள்ள போய் அந்த எடத்துல தட்டுது. நாள்பட்ட நோவுல அந்த எடம் ஆறுறதையே மறந்து கெடக்கும். தட்டித் தட்டி ஞாபகப்படுத்தினா ஒடம்பு அங்க ரத்தத்த அனுப்பும், தசைநார் ஆற ஆரம்பிக்கும். சுண்ணாம்பும் கொஞ்சம் கொஞ்சமா கரையலாம்."

"கரையலாமா? கரையுமா?"

"கரையலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது. கிழமைக்கு ஒரு தடவ, அஞ்சு தடவ செய்வோம். அதுக்குப் பொறகும் முழுசா தெரிய ரெண்டு மூணு மாசம் போகும்."

மர்ஸூக்குக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. தன் எண்ணெய்யைப் பற்றி அவர் இப்படி இழுத்துப் பேசியதே இல்லை. அந்தத் திருப்தியை அடுத்த பேச்சே கெடுத்தது.

"ரெண்டு விஷயம் அங்கிள். இந்த நாள்கள்ல வலி மாத்திரையும் ஐஸும் வேணாம். மெஷின் தட்டி வர்ற சூடும் வீக்கமும்தான் ஆத்துற வேலைய செய்யுது, அத அணைச்சிடக் கூடாது. அடுத்தது, யாரும் அழுத்தி உருவ வேணாம். உருவுறவங்க யாராவது வீட்ல ஈக்கிறாங்களா?"

ஸவாஹிரா கூரையைப் பார்த்தாள். மர்ஸூக் தன் செருப்பைப் பார்த்தார். யாரும் இல்லை என்று சொன்னது யார் என்று பிறகு இருவருக்கும் ஞாபகம் இல்லை.

அன்றோடு குசினிப் பலகை சுவரில் சாய்ந்தது. எண்ணெய்ப் போத்தல் தூசு பிடித்தது. ஐந்தரை மணிக்கு வீட்டில் வேலை இல்லாமல் போனவர் கடையிலேயே உட்கார்ந்தார். "என்ன நானா, இந்த நேரத்துல கடையில?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு உறுமல்தான் பதிலாகக் கிடைத்தது. ஜெஸீம் அக்காவின் கையைப் பற்றி விசாரித்தபோது, "மெஷின்கிட்ட கேளு" என்றார்.

வீட்டில் அவள் அந்த அரை மணி நேரத்தை நடைச்சுவரோடு கழித்தாள். முஷ்ரிபா சொல்லிக்கொடுத்த பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே மேலே நடக்கவிட வேண்டும். நோவு வரும் இடத்தில் நிறுத்தி ஒரு பென்சில் கோடு. அடுத்த தடவை அந்தக் கோட்டைப் பிடிக்கப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கோடு போட மட்டும் மர்ஸூக் கடையிலிருந்து ஏறி வந்துவிட்டுப் போவார். அவருடைய காதில் எப்போதும் பென்சில் செருகியிருக்கும்.

மெஷின் வைத்த மறுநாள் நோவு கூடினால் அவருக்கு மனசு குளிர்ந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும், உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். "பாத்தியா, நான் சொல்லல்ல" என்ற பேச்சு தொண்டை வரை வந்து நிற்கும். ஆனால் மூன்றாவது கிழமை, விரல்கள் பழைய கோட்டைத் தாண்டி மூன்றங்குலம் மேலே போய் நின்றன. ஸவாஹிரா திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது. "கோடு போடுங்க" என்றாள். போட்டார்.

அடுத்த நாள் தர்மலிங்கம் கடைக்கு வந்தான். "மொதலாளியம்மாவுக்குக் கை சொகமாகிட்டு வருதாமுங்களே. எண்ணெதானுங்களா?"

"எண்ணெய்தான்" என்றார் மர்ஸூக். "ரெண்டு வருஷமா ஊறினது இப்பத்தான் வேலை காட்டுது."

"நம்மாளுக்கும் இன்னொரு போத்தல் குடுங்க."

கொடுத்தார். கொடுத்துவிட்டு, இந்தப் பொய் உண்மையாகிவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று ஏங்கினார். ஏக்கம் முற்றினால் மனிதனுக்குப் புத்தி கோணலாகத்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸவாஹிரா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். மர்ஸூக் நடைச்சுவருக்கு முன்னால் நின்றார். பெருநாளுக்கு வந்த பேரப்பிள்ளை விட்டுப்போன அழிரப்பரால் கோட்டை அழித்தார். இரண்டு விரல் மேலே புதிதாக ஒரு கோடு கிழித்தார். கடையில் பாத்திரத்துக்கு அளவு எடுக்கும் நேர்த்தியோடு, அதே நீளத்தில், அதே சாய்வில்.

பின்னேரம் அவள் விரல்கள் ஏறின. கோட்டுக்குக் கீழே நின்றன. இன்னொரு தடவை முயன்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் தடவையும் பார்த்தாள்.

"கீழ எறங்கிட்டுது" என்றாள்.

"நான் என்ன செய்ய" என்றார் அவர். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை கோட்டை இன்னும் ஒரு விரல் அளவு உயர்த்தினார். அன்றைக்கு அவள் மூன்றாம் தடவை முயலவில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சுவரிலேயே நெற்றியை வைத்து நின்றாள். விடிந்தால் புதன்கிழமை, மெஷினுக்குப் போக வேண்டிய நாள். "நான் போகல்ல. எனக்குக் கேக்கல்ல போல" என்றாள். முஷ்ரிபா போனில் கூப்பிட்டு, ஏற்ற இறக்கம் இருக்கும் ஆன்ட்டி, வாங்க, பார்ப்போம் என்று சொல்லியும் அசையவில்லை. பின்னேரமானதும் அவளாகவே கடைக்குப் போன் எடுத்துச் சொன்னாள்:

"எண்ணெயக் கொண்டு வாங்க."

மர்ஸூக் ஜெயித்துவிட்டார். படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாக ஏறி வந்த வேகத்தைப் பார்த்திருந்தால் அவருடைய வயதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அன்று நல்ல மழை. குசினி ஓடு ஒழுகி, பலகை போடும் இடமெல்லாம் ஈரம். அதனால் படுக்கையறைக்குப் போனார்கள். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் பின்னால் ஏறிச் சம்மணம் போட்டார். எண்ணெய்யைக் கையில் ஊற்றி, பெருவிரலை ஊன்றி, வழக்கம்போலக் கடைக் கதையை ஆரம்பித்தார்.

பத்து நிமிஷம் போயிருக்கும். கழுத்து வலித்ததால் நிமிர்ந்தார். எதிரே அலுமாரிக் கண்ணாடி. இரண்டு வருடமாக அவளுடைய முதுகை மட்டுமே பார்த்து உருவியவர், முதல் தடவையாக அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

ஷாலின் நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்திருந்தாள். கண்கள் இறுக மூடியிருந்தன. அவருடைய விரல் அழுத்தும் ஒவ்வொரு தடவையும் நெற்றி சுருங்கியது. கன்னத்தில் ஈரம். அவர் கதையை நிறுத்தியதும் வாயிலிருந்து ஷாலை எடுத்துவிட்டு, "ம்" என்றாள், வழக்கமான அதே குரலில்.

கையை எடுத்துவிட்டார்.

"நோகுதா?"

"ஏன் நிப்பாட்டினீங்க?"

"பத்துல எத்தன?"

அவள் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். பொய் சொல்ல இடம் இல்லை. "ஒம்பது" என்றாள்.

"எப்பவுமா?"

"எப்பவும்."

"ரெண்டு வருஷமா ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க கடைக்குப் போயிருவீங்க."

இதைச் சொல்ல அவள் யோசிக்கவே இல்லை. மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. மர்ஸூக் எண்ணெய்க் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் எண்ணெய் ஊறியது. அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. இந்த அரை மணி நேரத்துக்காக இவள் ஒன்பதைத் தாங்கியிருக்கிறாள். அதே அரை மணி நேரத்துக்காக அவர் என்ன செய்திருக்கிறார்?

"கோட்ட நான்தான் ஏத்தினேன்" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"செவத்துல ஈக்கிற கோடு. நீ எறங்கல்ல. நான் அழிச்சிட்டு மேல போட்டேன். ரெண்டு தடவ."

ஸவாஹிரா எழுந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நடைக்குப் போய் விளக்கைப் போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரை உற்றுப் பார்த்தாள். அழித்த தடம் மங்கலாகத் தெரிந்தது. திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"ஏன்?"

"அந்த மெஷின் சொகமாக்கிட்டா எனக்கு இங்க என்ன வேல?"

"நேத்து நான் அந்தச் செவத்துல தல வெச்சு அழுதேன். நீங்க பாத்துட்டுத்தானே நின்டீங்க."

அவள் றிஸ்னிக்குப் போன் எடுத்து, நாளைக்கே நேரம் வாங்கச் சொன்னாள். தான் கூட வருவதாக அவர் சொன்னபோது, "தேவையில்ல" என்றாள். அந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிந்தது.

முடிந்தது என்றால் முடிந்ததுதான். சோறு போட்டாள், தேத்தண்ணி வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதற்கு மேலே ஒரு சொல் இல்லை. மீதி இரண்டு தடவையும் மகளோடு போய் வந்தாள். கோட்டை அவளே இடது கையால் போட்டுக்கொண்டாள். மர்ஸூக் ஐந்தரை மணிக்குக் கடையை விட்டு நகரவில்லை. வீட்டுக்கு வரக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை, அவராகவே போட்டுக்கொண்ட தண்டனை. தர்மலிங்கம் மறுபடி போத்தலுக்கு வந்தபோது, "எண்ணெய் இல்ல தர்மலிங்கம். இருந்தாலும் அதால ஒன்டும் ஆகாது. உங்கட சம்சாரத்த டொக்டர்கிட்டக் காட்டுங்க. அங்க அனுப்பினா, மேல்மாடியில ஒரு புள்ள ஈக்குது, கெட்டிக்காரி" என்றார். அவன் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

மெஷினின் மேல் இருந்த பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அது இன்னும் அப்படியே இருந்தது. இப்போது அதற்கு மேலே வெட்கமும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டது.

முஷ்ரிபா சொன்ன கணக்குத் தப்பவில்லை. இரண்டு மாதம் போனது. டிசம்பர் பிறந்தது. ஒரு நாள் காலை, ஸவாஹிரா ஷாலைத் தலையில் சுற்றி, வலது கையைத் தூக்கி ஊசி குத்திக்கொண்டிருந்ததை அவர் கதவு இடுக்கால் பார்த்தார். முழுக்கச் சுகம் என்று சொல்ல முடியாது, ஆனால் முகம் சுருங்கவில்லை. இனி அந்தத் தோளுக்கு அவர் எதற்கும் தேவையில்லை. ரொம்ப நல்லது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். கண் கரித்தது.

அன்று பின்னேரம் பஸாரில் கரண்ட் போய், கடையை நேரத்தோடு பூட்டிவிட்டார்கள். போக வேறு இடமில்லாமல் ஐந்தரை மணிக்கே வீட்டுக்கு வந்தார். மஃரிபுக்குப் பள்ளிவாசலுக்குப் போகலாம் என்று முற்றத்துக் குழாயில் முகம், கை, கால் கழுவி, தொழுகைக்கான ஒளு எடுத்தார். பதுளைத் தண்ணீர் டிசம்பரில் எலும்பைப் பிடிக்கும். துடைத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தவர், உள்ளே போவதா வேண்டாமா என்று நின்றார்.

ஸவாஹிரா அடுப்படியில் கதிரை ஒன்றைப் போட்டாள். அதற்கு நேரெதிரே இன்னொன்றையும் போட்டு, அதில் தான் உட்கார்ந்தாள்.

"இரிங்க" என்றாள்.

இருந்தார். இரண்டு கைகளும் முழங்காலில். எண்ணெய் இல்லாமல், வேலை இல்லாமல், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல விறைத்து உட்கார்ந்திருந்தார்.

"இன்டைக்குக் கடையில என்ன?"

ஆரம்பத்தில் திக்கியது. பிறகு கரண்ட் போன கதை வந்தது. ஜெஸீம் இருட்டில் குத்துவிளக்கு வாங்க வந்தவருக்குப் பூச்சாடியைக் கட்டிக்கொடுத்த கதையும் வந்தது. அவள் சிரித்தாள். சிரிக்கும்போது கண்ணோரம் எப்படி மடிகிறது என்பதை அவர் எதிரிலிருந்து பார்த்தார்.

அவள் வலது கையை நீட்டினாள். நோவில்லாமல், நேராக, உள்ளங்கை மேலே தெரிய நீட்டி, அவருக்கு முன்னால் வைத்தாள்.

மர்ஸூக் அந்தக் கையைப் பார்த்தார். மனைவியின் கை பட்டால் ஒளு முறிந்துவிடும், தொழுகைக்கு முன்னால் மறுபடி எடுக்க வேண்டும். அவர்கள் பின்பற்றும் மத்ஹபின் சட்டம் அப்படித்தான். பாங்குக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"ஒளுவோட ஈக்கிறேன்" என்றார்.

"குழாயில தண்ணி வருது" என்றாள் ஸவாஹிரா.